மொட்டை மாடியில் விஷவாயு... குப்பிக்குள் பழ ஈ! ரசாயன ஆபத்தைக் கண்டுபிடித்த அகதி டீச்சர் - யார் இந்த சார்லட் ஆவர்பாக்?

2024 ஏப்ரல் மாதம் வந்த ஒரு செய்தி நினைவிருக்கிறதா? இந்தியாவில் இருந்து போன சில மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் இருப்பதாக ஹாங்காங் உணவுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. சிங்கப்பூரும் ஒரு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. நம்ம ஊர் அடுக்களை வரைக்கும் அந்தப் பேச்சு வந்தது.

அந்த மசாலாவைச் சாப்பிட்ட யாரும் அன்றைக்கே மயங்கி விழவில்லை. வாந்தி, பேதி எதுவும் இல்லை. அப்புறம் ஏன் அவ்வளவு பதற்றம்?

காரணம், எத்திலீன் ஆக்சைடு நம் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் ரசாயனம். அது ஏற்படுத்தும் சேதம் உடனே வெளியில் தெரியாது. பல வருஷம் கழித்து புற்றுநோயாக வரலாம். கருசெல்லில் நடந்தால் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். டிஎன்ஏவில் ஏற்படும் இந்த நிரந்தர மாற்றத்தைத்தான் மியூட்டேஷன் என்கிறார்கள். தமிழில் சடுதிமாற்றம்.

சரி, கண்ணுக்கே தெரியாத இந்தச் சேதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ரசாயனம் இப்படிச் செய்யும் என்று முதலில் உறுதியாகக் காட்டியது யார்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் போய் நிற்போம். அங்கே கையில் கொப்புளங்களோடு ஒரு பெண் நிற்பார். அவர் பெயர் சார்லட் ஆவர்பாக். நெருங்கியவர்களுக்கு லோட்டே.

விஞ்ஞானக் குடும்பத்துப் பெண்

1899 மே 14. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் சார்லட். அப்பா வேதியியலாளர். தாத்தா லியோபோல்ட் ஆவர்பாக் உடற்கூறியல் அறிஞர். நம் குடல் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பின்னலுக்கு இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் ஆவர்பாக் பின்னல் என்ற பெயர் உண்டு. அது இந்தத் தாத்தாவின் பெயர்தான்.

வூர்ஸ்பர்க், ஃப்ரைபர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் உயிரியல் படித்தார். 1924-ல் ஆசிரியர் தேர்வில் தேறி, பள்ளிக்கூட டீச்சர் ஆனார். ஆனா மனசு ஆராய்ச்சியிலேயே இருந்தது. 1928-ல் பெர்லினில் உள்ள கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அங்கே வழிகாட்டியாக வந்தவர் ஓட்டோ மங்கோல்ட். ஆய்வை வேறு பக்கம் திருப்பலாமா என்று சார்லட் கேட்டபோது, சொன்னதைச் செய்தால் போதும், உன் யோசனை தேவையில்லை என்கிற மாதிரி பதில் வந்தது. சார்லட் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போனார்.

அதுவும் நிலைக்கவில்லை. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் அரசுப் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஒரே நாளில் வேலை போனது. நாட்டை விட்டுக் கிளம்பிவிடு என்று அம்மா சொன்னார். குடும்ப நண்பர்களின் உதவியோடு பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார் சார்லட். வயது 34. கையில் டாக்டர் பட்டம் இல்லை. புது நாடு, புது மொழி.

ஈக்களோடு தொடங்கிய வாழ்க்கை

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் விலங்கு மரபியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அதன் தலைவர் எஃப்.ஏ.இ. க்ரூ. அங்கே பழ ஈக்களின் கால் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து 1935-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் சார்லட். அதன் பிறகும் சம்பளம் அற்பம்தான். ஆனாலும் அங்கேயே இருந்தார். 1939-ல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அதே வருஷம் அம்மாவும் எடின்பரோ வந்து சேர்ந்தார்.

பழ ஈ என்றால் என்ன தெரியுமா? கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிச் சின்னதாகப் பறக்குமே, அதேதான். மரபியல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். பத்து, பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை ரெடி. ஒரு பால் பாட்டில் அளவு குப்பியில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். குரோமோசோம் நாலு ஜோடிதான்.

1937-ல் அந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய ஆள் வந்தார். அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் முல்லர். எக்ஸ்-ரே கதிர்கள் பழ ஈக்களில் மியூட்டேஷனை உண்டாக்கும் என்று 1927-லேயே நிரூபித்தவர். முல்லருக்கு உதவியாக குரோமோசோம் வேலை செய்து கொடு என்று க்ரூ சொன்னார். சார்லட்டுக்கு அதில் விருப்பம் இல்லை. அதை முல்லரிடமே நேராகச் சொல்லிவிட்டார். முல்லர் கோபப்படவில்லை. விருப்பம் இல்லாதவர் யாரும் தன்னிடம் வேலை செய்ய வேண்டாம் என்றவர், உனக்கு எதில்தான் ஆர்வம் என்று கேட்டார். மரபணு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் சார்லட். அப்படியானால் மியூட்டேஷனைப் படி, மரபணு கெட்டுப்போனால் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியும் என்று வழிகாட்டினார் முல்லர்.

சார்லட்டின் மிச்ச வாழ்க்கை முழுக்க அந்த ஒரு பேச்சில் இருந்து வந்ததுதான்.

கடுகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. முதல் உலகப் போரில், 1917-ல், ஜெர்மனி பயன்படுத்திய மஸ்டர்ட் வாயு மறுபடியும் வருமோ என்று பிரிட்டன் பயந்தது. பெயரில் மஸ்டர்ட் இருந்தாலும், நாம் தாளிக்கும் கடுகுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. வாசனையை வைத்து வந்த பெயர். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வை பாதிப்பு, நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

எடின்பரோவின் மருந்தியல் பேராசிரியர் ஏ.ஜே. கிளார்க், அவரோடு வேலை செய்த ஜே.எம். ராப்சன் ஆகியோர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மஸ்டர்ட் வாயுப் புண் சீக்கிரம் ஆறுவதில்லை. ஆறினாலும் திரும்ப வருகிறது. எக்ஸ்-ரே சுட்ட புண்ணும் அப்படியேதான். இரண்டும் வெளியில் ஒரே மாதிரி காயம் செய்கிறது என்றால், உள்ளே மரபணுவிலும் ஒரே மாதிரி வேலை செய்யுமோ?

அதுவரை பலர் பல ரசாயனங்களை ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தெளிவான பதில் எதுவும் கிடைக்கவில்லை. கதிர்வீச்சால் முடியும், ரசாயனத்தால் முடியுமா என்பது திறந்த கேள்வியாகவே இருந்தது. அந்தக் கேள்வி சார்லட்டின் மேஜைக்கு வந்தது.

1940 நவம்பரில் வேலை தொடங்கியது. மருந்தியல் துறைக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் வைத்து ஈக்களுக்கு வாயுவைக் காட்டினார்கள். இன்றைய ஆய்வகப் பாதுகாப்பு வசதி எதுவும் அப்போது இல்லை. சார்லட்டின் கைகளில் புண்கள் வந்தன. இனிமேல் அந்த வாயு பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் எச்சரிக்கும் அளவுக்கு.

ஆண் ஈ இருக்கா, இல்லையா? இதுதான் சோதனையே!

இங்கேதான் முல்லரின் பழைய கண்டுபிடிப்பு கைகொடுத்தது. மியூட்டேஷனை எண்ணுவதற்காக அவர் உருவாக்கிய ஒரு தந்திரம். அதன் பெயர் சிஎல்பி முறை. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் புரிந்துவிடும்.

பெண் ஈக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆண் ஈக்கு ஒன்றுதான். முதலில் ஆண் ஈக்களுக்கு வாயுவைக் காட்டுவார்கள். பிறகு அவற்றை ஒரு ஸ்பெஷல் ரகப் பெண் ஈக்களோடு சேர விடுவார்கள். இந்தப் பெண் ஈயின் ஒரு எக்ஸ் குரோமோசோமில் மூன்று விஷயம் இருக்கும். ஒன்று, அது ஜோடியோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளாது. இரண்டு, உயிரைக் கொல்லும் ஒரு மரபணு அதில் ஒளிந்திருக்கும். மூன்று, அது இருக்கும் ஈயின் கண் ஒடுங்கி, பட்டை மாதிரி இருக்கும். அதாவது, பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

இப்ப மகள்களில் பட்டைக் கண் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கணும். அம்மாவிடம் இருந்து அந்த ஸ்பெஷல் எக்ஸ், அப்பாவிடம் இருந்து வாயு பட்ட எக்ஸ் என இரண்டும் இவற்றிடம் இருக்கும். ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று ஈடுகட்டுவதால் இந்த மகள்கள் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மகளையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, சாதாரண ஆண் ஈயோடு வளர்ப்பார்கள்.

அடுத்த தலைமுறையில் பிறக்கும் மகன்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். ஸ்பெஷல் எக்ஸ் கிடைத்த மகன் நிச்சயம் செத்துவிடும். தாத்தாவின் வாயு பட்ட எக்ஸ் கிடைத்த மகன் பிழைக்க வேண்டும். ஆனா அந்த எக்ஸில் ஏதாவது முக்கியமான மரபணு கெட்டுப்போயிருந்தால்? அந்த மகன்களும் பிறக்காது.

ஆக, குப்பியைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஆண் ஈ இருந்தால் அந்தக் குரோமோசோமில் உயிரைப் பறிக்கும் சேதம் இல்லை. ஒரு ஆண் ஈகூட இல்லை, எல்லாமே பெண் என்றால், தாத்தா ஈக்கு மியூட்டேஷன் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இறக்கை கொஞ்சம் வளைந்திருக்கா, நிறம் கொஞ்சம் மாறியிருக்கா என்று பார்ப்பவர் கண்ணை நம்பி முடிவு எடுக்கத் தேவையில்லை. ஆம், இல்லை என்று எண்ணிவிடலாம். முன்னாடி செய்த பல முயற்சிகளில் இல்லாத உறுதி இதில் இருந்தது.

சார்லட் எண்ணினார். ஆயிரக்கணக்கான குப்பிகள். வாயு படாத ஈக்களில் ஆயிரம் குரோமோசோமுக்கு ஒன்றிரண்டில்தான் இப்படிச் சேதம் தெரிந்தது. வாயு பட்ட ஈக்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம். ஒரு ரசாயனம், கதிர்வீச்சைப் போலவே, மரபணுவைக் கெடுக்கும். அந்தச் சேதம் பேரப்பிள்ளை வரைக்கும் போகும்.

அப்போது அமெரிக்கா திரும்பிவிட்ட முல்லருக்குச் செய்தி போனது. 1941-ல் அவரிடம் இருந்து பாராட்டுத் தந்தி வந்தது.

வெளியே சொல்ல முடியாத கண்டுபிடிப்பு

உலகமே பேசியிருக்க வேண்டிய விஷயம். ஆனா சார்லட்டால் வாயைத் திறக்க முடியவில்லை. மஸ்டர்ட் வாயு போர் ஆயுதம். அதைப் பற்றிய ஆய்வு எல்லாமே அரசு ரகசியம்.

1944-ல் அவரும் ராப்சனும் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அதில் பேசியது வேறொரு பொருளைப் பற்றி. அல்லைல் ஐசோதயோசயனேட். இது நிஜமாகவே கடுகின் காரத்துக்குக் காரணமான எண்ணெய்! அதன் ஆவியும் ஈக்களில் மியூட்டேஷனைக் கொண்டு வந்தது, ஆனால் மஸ்டர்ட் வாயுவை விடக் குறைவாக. உடனே அஞ்சறைப்பெட்டியில் இருந்து கடுகைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. மூடிய குப்பிக்குள் ஆவியாக ஈக்குக் கொடுத்த அளவு வேறு, தாளிப்பில் போடும் கால் ஸ்பூன் வேறு. ஒரு சோதனையில் ஆம் என்று வந்தால், அது மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லும் எச்சரிக்கை. அது மட்டுமே தீர்ப்பு ஆகிவிடாது.

போர் முடிந்த பிறகு, 1946-ல்தான் மஸ்டர்ட் வாயு முடிவுகள் நேச்சரில் வெளிவந்தன. அதே 1946-ல் சோவியத் நாட்டின் இயோசிஃப் ராப்போபோர்ட்டும் ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனங்களை வைத்துத் தனியாகக் கண்டுபிடித்ததை வெளியிட்டார். அதே வருஷம் முல்லருக்கு நோபல் பரிசு. சார்லட்டுக்கு நோபல் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஆனால் மற்ற அங்கீகாரங்கள் வந்தன. 1947-ல் எடின்பரோவின் உயர் டாக்டர் பட்டம். 1957-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1959 முதல் மியூட்டேஷன் ஆய்வுக்கென்றே தொடங்கிய பிரிவுக்கு இயக்குநர். பேராசிரியர் பதவி வந்தது 1967-ல்தான். அப்போது வயது 68. 1976-ல் டார்வின் பதக்கம்.

சார்லட் கவனித்த இன்னொரு விஷயம்

எக்ஸ்-ரே உடனே வெட்டும். ரசாயனம் அப்படி இல்லை என்று சார்லட் கண்டுபிடித்தார். ரசாயனம் பட்ட ஈக்களின் வாரிசுகளில் உடம்பின் ஒரு பகுதி மாறியும், இன்னொரு பகுதி சாதாரணமாகவும் இருப்பது அடிக்கடி நடந்தது. சேதம் செல்லுக்குள் பதுங்கி இருந்து, பிறகு சில செல் பிரிவுகள் கழித்து மியூட்டேஷனாக மாறியது. இன்றைக்குப் பட்டு என்றைக்கோ வெளிப்படும் ஆபத்து என்பதற்கு ஆய்வகத்தில் கிடைத்த சாட்சி இது.

1953-ல் டிஎன்ஏவின் அமைப்பு தெரிந்த பிறகு, மஸ்டர்ட் என்ன செய்கிறது என்பதும் தெளிவானது. டிஎன்ஏவின் குவானின் என்ற எழுத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு இழைகளையும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிடுகிறது. நம் மசாலா செய்தியில் வந்த எத்திலீன் ஆக்சைடும் குவானினில்தான் ஒட்டுகிறது. ஆனாலும், மியூட்டேஷன் வெறும் வேதியியல் கணக்கு இல்லை, செல் அதைப் பழுதுபார்க்கிறதா, எப்படி எதிர்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சார்லட் தொடர்ந்து வாதாடினார்.

இதே குணம் மருந்தாகவும் மாறியது. வேகமாகப் பிரியும் செல்களின் டிஎன்ஏவைத் தாக்கினால் புற்றுநோய் செல்லைக் கொல்லலாமே? 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்டை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் நம்ம ஊர் கேன்சர் வார்டுகளில் ஏற்றப்படும் சைக்ளோபாஸ்பமைடு அந்தக் குடும்பத்து மருந்துதான்.

ஈயில் இருந்து பாக்டீரியாவுக்கு

ஈ சோதனைக்குப் பல வாரம் ஆகும். உலகத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு அது கட்டுப்படியாகாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் புரூஸ் ஆமெஸ் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார்.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை எடுத்துக்கொள்வார்கள். ஹிஸ்டிடின் கிட்டத்தட்ட இல்லாத தட்டில் போட்டால் அது வளராது. சந்தேகப்படும் ரசாயனத்தைச் சேர்த்தால்? அந்த ரசாயனம் மியூட்டேஷனை உண்டாக்கினால், சில பாக்டீரியாக்களில் பழைய குறை தற்செயலாகச் சரியாகி அவை வளரத் தொடங்கும். இரண்டே நாளில் தட்டில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். எண்ண வேண்டியதுதான். முல்லரும் சார்லட்டும் குப்பியில் எண்ணியதை ஆமெஸ் தட்டில் எண்ணினார்.

கூடவே எலி ஈரல் சாறும் சேர்ப்பார்கள். ஏன்னா, சில பொருட்கள் அப்படியே இருக்கும் வரை சாது. நம் ஈரல் அதை உடைக்கும்போதுதான் ஆபத்தாக மாறும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வரும் அஃப்லாடாக்சின் அதற்கு உதாரணம்.

இன்றைக்கு ஒரு புது மருந்தோ பூச்சிக்கொல்லியோ வர வேண்டும் என்றால் ஒரே சோதனையோடு விடுவதில்லை. ஆமெஸ் சோதனையோடு, குரோமோசோம் உடைகிறதா என்று பார்க்கும் நுண்கரு சோதனையும் உண்டு. உடைந்த டிஎன்ஏ மின்சாரத்தில் இழுபட்டு வால்நட்சத்திரம் மாதிரி தெரியும் காமெட் சோதனையும் இருக்கிறது. 2018-ல் வால்சார்டான் என்ற பிரஷர் மாத்திரைகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டதே, அதற்குக் காரணம் அதில் கலந்திருந்த என்டிஎம்ஏ என்ற கழிவுப் பொருள். அதுவும் டிஎன்ஏவைத் தாக்கும் ரகம்தான். இப்போது மாத்திரையில் இப்படிப்பட்ட கலப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கே தனி சர்வதேச விதிமுறை இருக்கிறது.

கதை சொல்லும் பாட்டி

சார்லட் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் இரண்டு பையன்களைத் தன் பிள்ளைகள் போல வளர்த்து ஆளாக்கினார். ஒருவர் அவரது அம்மாவுக்குத் துணையாக இருந்த பெண்ணின் மகன். இன்னொருவர் சிசிலித் தீவைச் சேர்ந்த ஏழைச் சிறுவன். 1947-ல், சார்லட் ஆஸ்டன் என்ற புனைபெயரில் குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகமும் எழுதினார். அணுகுண்டு சோதனைகள் உலகத்தைப் பயமுறுத்திய 1956-ல், மரபணுவுக்குக் கதிர்வீச்சு என்ன செய்யும் என்று சாமானியருக்குப் புரியும்படி ஒரு நூல் வெளியிட்டார். அணு ஆயுதத்தையும் நிறவெறியையும் வெளிப்படையாக எதிர்த்தார்.

1994 மார்ச் 17 அன்று, 94 வயதில் எடின்பரோவில் இறந்தார்.

அடுத்த முறை ஏதாவது ஒரு சாயம், மருந்து, மசாலாவைப் பற்றி 'டிஎன்ஏவைப் பாதிக்கும்' என்று செய்தி வந்தால், இரண்டு கேள்வி கேளுங்க. எந்தச் சோதனையில் தெரிந்தது? எவ்வளவு அளவில்? இந்தக் கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் கிடைக்கிறது என்றால், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு டீச்சர் புண்ணான கையோடு குப்பி குப்பியாகப் பார்த்து, இதில் ஆண் ஈ இருக்கா, இல்லையா என்று எண்ணியதும் அதற்கு ஒரு காரணம்.